அண்டையார் நலமே காட்டுயிர் நலம்

 

உயிரோம்பல் இவ்வவையினர்க்குப் புதிய பொருளன்று. ஆயினும், அழியும் நிலையிலுள்ள ஓர் உயிரினத்தைக் காக்க முற்படுவோர் தம் பணியை எங்கே தொடங்க வேண்டும் என்னும் வினாவுக்கு விடை எளிதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில், உகாண்டா நாட்டின் தென்மேற்கு மூலையில், ஒரு பெண்மணியும் அவருடைய துணைவர்களும் அவ்வினாவுக்கு ஒரு விடை கண்டனர். அவ்விடையும், அதைச் செயலாக்கிய மக்களுமே இவ்வுரையின் பொருள்.

உகாண்டாவும் ருவாண்டாவும் காங்கோவும் எல்லை கூடும் மலைநாட்டில் பிவிண்டி என்றொரு காடு உள்ளது. அப்பகுதி மக்களின் மொழியில் அப்பெயருக்கு இருள் சூழ்ந்த இடம் என்று பொருள் கூறுவர். பரப்பளவு ஏறத்தாழ 321 சதுர கிலோமீட்டர். 1991-ஆம் ஆண்டில் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. 1994-இல் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. மலைக் கொரில்லாக்கள் இயற்கைச் சூழலில் வாழும் இடங்கள் உலகில் இரண்டே. ஒன்று விருங்கா எரிமலைத் தொடர், மற்றொன்று பிவிண்டி.

கொரில்லா என்றதும் திரைப்படங்கள் காட்டும் கொடிய உருவமே பலர் மனத்தில் எழும். உண்மை வேறு. அது தழையும் தண்டும் பட்டையும் கனியுமே பெரும்பாலும் உண்டு வாழும் சாது விலங்கு. குடும்பமாக வாழும், குட்டியை மார்போடு அணைத்து வளர்க்கும். வளர்ந்த ஆணின் முதுகில் வெள்ளி போல் நரை படரும். அதுவே குடும்பத்தின் தலைவன். தாய் ஒரு குட்டி ஈன்றபின் மறு குட்டிக்கு ஏறத்தாழ நான்காண்டுகள் ஆகும். ஆதலின் ஒரு குட்டியை இழத்தலும் அவ்வினத்துக்குப் பேரிழப்பு.

1996-ஆம் ஆண்டில் பிவிண்டியின் காவலர்களிடமிருந்து தலைநகராகிய கம்பாலாவுக்கு ஒரு செய்தி வந்தது. ஒரு கொரில்லாக் குடும்பத்தில் உடல் முழுதும் அரிப்பு; மயிர் உதிர்கிறது; தோல் வெண்செதிலாக வெளிறுகிறது. அச்செய்தியைப் பெற்றவர் கிளாடிஸ் கலேமா-சிக்குசோக்கா. காட்டு விலங்குகளுக்கென உகாண்டா அரசு அமர்த்திய முதல் மருத்துவர் அவரே. அப்பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 25.

அவர் வரலாறும் அறியத் தக்கது. 1970-இல் கம்பாலாவில் ஆறு பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தவர். தந்தை வில்லியம் கலேமா அமைச்சராக இருந்தவர். 1972-இல், கிளாடிசுக்கு இரண்டு வயதானபோது, இடி அமீன் ஆட்சியில் அவர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். இந்திய வழியினர் பல்லாயிரவர் 90 நாள்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென அமீன் ஆணையிட்டதும் அதே ஆண்டில்தான். அவ்வாண்டின் துயரைக் கேட்டறிந்த குடும்பங்கள் இந்தியாவிலும் உண்டு. தாய் ரோடா கலேமா தளராமல் ஆறு பிள்ளைகளையும் வளர்த்தார். அரசியலில் இறங்கினார், 1980-களில் சிறையும் கண்டார், உகாண்டா நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் எனப் போற்றப்பட்டார்.

அவ்வீட்டில் எப்போதும் ஏதேனும் ஒரு செல்லப் பிராணி வளர்ந்து வந்தது. அடுத்த வீட்டில் ஒரு குரங்கு இருந்தது. சிறுமி கிளாடிஸ் பியானோ பழகுவதைப் பார்த்து, அவர் எழுந்து சென்றபின் அது வந்து ஒற்றை விரலால் கட்டைகளைத் தட்டிப் பார்க்குமாம். பன்னிரண்டு வயதிலேயே விலங்கு மருத்துவராவது என்று அவர் உறுதி பூண்டார். பள்ளியில் நின்றுபோயிருந்த காட்டுயிர்க் கழகத்தை மீண்டும் உயிர்ப்பித்து, தோழியரைத் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். பின்னர் லண்டனில் கால்நடை மருத்துவம் பயின்றார்.

மாணவியாக இருந்தபோதே, 1994-இல், ஆய்வுக்காக அவர் பிவிண்டிக்கு முதன்முறை சென்றார். சென்ற இடத்தில் அவருக்குச் சளி பிடித்தது. நோயுற்றவர் கொரில்லாக்களின் அருகே செல்லலாகாது என்பது விதி. ஆதலின், அவ்வளவு தொலைவு சென்றும், சளி நீங்கும் வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. கொரில்லாவின் மரபணுவும் மனிதரின் மரபணுவும் 98 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தவை. நமக்கு மூன்று நாள் தும்மலோடு போகும் சளி, அதற்கு முன்பின் பழக்கமில்லாத நோயாகி உயிரையே பறித்துவிடலாம். நூலில் படித்த இவ்வுண்மையை அவர் தம் உடம்பிலேயே உணர்ந்து கற்றார் எனலாம்.

ஈராண்டுக்குப்பின் வந்த அந்த அரிப்புச் செய்திக்கு வருவோம். புறப்படுமுன் கிளாடிஸ் மனிதர்க்கு மருத்துவம் பார்க்கும் ஒரு மருத்துவரை அணுகி, அப்பகுதி மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் தோல் நோய் எது என்று வினவினார். சொறிசிரங்கு என்று விடை வந்தது. காட்டுக்குச் சென்று பார்த்தபோது கொரில்லாக்களை வாட்டியதும் அதே நோய்தான். தோலுக்குள் துளைத்து வாழும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுயிரால் வருவது அது. ஐவர்மெக்டின் என்னும் மருந்தால் பெரியவை தேறின. ஆனால், குட்டி ஒன்று மயிரெல்லாம் உதிர்ந்து மாண்டது.

காட்டுக்குள் வாழும் விலங்குக்கு ஊராரின் சிரங்கு எவ்வாறு சென்றது? ஆராய்ந்தபோது கிடைத்த விடை எளியது. அதனாலேயே உள்ளத்தை உறுத்துவது. காட்டின் விளிம்பில் வேலியில்லை. மரம் முடியும் இடத்தில் வாழைத்தோட்டம் தொடங்கிவிடும். ஊரகப் பகுதிகளுள் மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் அதுவும் ஒன்று. நிலமோ சிறு துண்டுகள். வாழைத்தண்டின் சுவை கண்ட கொரில்லாக்கள் தோட்டங்களுக்குள் வரும். அவற்றையும் பிற விலங்குகளையும் விரட்ட, நம் ஊர்களில் சோளக்கொல்லைப் பொம்மை நிறுத்துவதுபோல், அங்கும் குச்சி நட்டுப் பழைய சட்டையை மாட்டி வைப்பர். உடுத்திக் கிழிந்த சட்டை. துவைக்கச் சவர்க்காரமும் போதிய நீரும் இல்லாத வீட்டின் சட்டை. இயல்பிலேயே அறியும் ஆவல் மிக்க கொரில்லா அதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நோய் அவ்வழியே சென்றிருக்கக் கூடும் என்பதே மருத்துவரின் முடிவு.

அக்குட்டியைக் கொன்றது வேட்டைக்காரனின் கண்ணியன்று, துப்பாக்கியன்று. ஓர் ஏழை வீட்டின் வறுமை அதைக் கொன்றது. அவ்வீட்டுக் குழந்தைக்கும் அதே சிரங்குதான். அக்குழந்தையை அழைத்துச் செல்ல அருகில் மருத்துவமனையில்லை. கொரில்லாவுக்கு மருந்து கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு, காட்டுக்கு வெளியே அக்குழந்தை சொறிந்துகொண்டிருப்பதைப் பாராமல் திரும்பினால், நோய் மீண்டும் வரும். மருத்துவ நோக்கிலும் அது பயனற்றது. அற நோக்கிலும் அது பிழையானது. கிளாடிஸ் கண்ட விடை இதுதான்: கொரில்லாவைக் காக்கும் பணி காட்டுக்கு வெளியே, ஏழையின் வீட்டில் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்துத் திரும்பிய அவர், 2003-இல் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவினார். பொது நலவாழ்வின் வழியே காட்டுயிர் காத்தல் என்பது அதன் பெயரின் பொருள். கன்சர்வேஷன் த்ரூ பப்ளிக் ஹெல்த் என்பது அவர்கள் வழங்கும் பெயர். அவருடன் நின்றவர் இருவர். ஒருவர் கணவர் லாரன்ஸ் சிக்குசோக்கா, தொலைத்தொடர்பும் கணினியும் கற்றவர். மற்றொருவர் ஸ்டீபன் ருபங்கா, கால்நடை மருத்துவப் பணியில் தேர்ந்தவர்.

தொடக்கத்தில் நிதி தேடுவதே பெரும்பாடாயிற்று. விலங்குகளுக்கு உதவுவோர், மனிதரின் காசநோய்க்கு நாங்கள் ஏன் பணம் தரவேண்டும் என்றனர். மக்கள் நலத்துக்கு உதவுவோர், கொரில்லாவுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்றனர். இரண்டும் ஒன்றே என்பதை எடுத்துரைக்கவே ஆண்டுகள் ஆயின. இன்று மனிதர், வளர்ப்பு விலங்கு, காட்டுயிர் ஆகிய மூன்றின் நலமும் ஒரே நலம் என்னும் கருத்தை உலக நலவாழ்வு அமைப்புகள் பெரிதும் பேசுகின்றன. அன்று அது விளங்காத பேச்சு.

அவ்வமைப்பின் உண்மையான தாங்குதூண்கள் கம்பாலாவில் இல்லை; பிவிண்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இருக்கின்றனர். அவர்கள் ஊராரே தேர்ந்தெடுத்த தொண்டர்கள், பெரும்பாலும் உழவர்கள். மலைச் சரிவுகளில் வீடு வீடாக நடந்து செல்வர். கழிப்பறை உண்டா, கை கழுவ நீர் வைத்திருக்கிறார்களா, குடிநீரைக் காய்ச்சுகிறார்களா, துவைத்த துணியைக் கொடியில் உலர்த்துகிறார்களா என்று பார்ப்பர். நாட்பட்ட இருமல் உடையோரைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புவர். அடுத்தடுத்த பிள்ளைப்பேற்றால் மெலிந்த தாய்மார்க்குக் குடும்பநலம் பற்றி எடுத்துரைப்பர். கணவரையும் உடன் அமர்த்தியே பேசுவர். எல்லாம் கேட்டபின் ஒரு கேள்வி எஞ்சியிருக்கும்: உங்கள் தோட்டத்துக்குக் கொரில்லா வந்ததா? ஒரே வருகையில் மனிதர் நலமும் விலங்கு நலமும் கேட்டறியப்படும்.

இத்தொண்டர்களுக்கு மாத ஊதியம் இல்லை. அதற்கு மாறாக, குழுவாக வளர்த்துப் பயன்பெற ஆடுகளும் மாடுகளும் வழங்கப்பட்டன. அவற்றின் பெருக்கமும் குழுச் சேமிப்பும் அவர்களுக்கு ஆதரவாயின. நிதியுதவித் திட்டம் ஒன்று முடிந்ததும் பணியும் முடிந்துபோவது உலகியல்பு. ஆடு குட்டி ஈனும் வரை இக்குழுக்கள் கலையா என்பது அவர்தம் கணக்கு. ஊருக்குள் வந்த கொரில்லாக்களைத் துன்புறுத்தாமல் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் தனித் தொண்டர் குழுவும் உண்டு. இரவும் பகலும் வயலோரம் நிற்கும் அப்பணி எளிதன்று.

காட்டுக்குள் நடக்கும் பணியும் வியப்புக்குரியது. கொரில்லா ஒவ்வோர் இரவும் புதிதாகத் தழைப்படுக்கை அமைத்து உறங்கும்; விடிந்ததும் அதை விட்டகலும். அப்படுக்கையில் கிடக்கும் மலத்தைக் காவலர்கள் திரட்டி வருவர். பிவிண்டியிலேயே அமைந்த ஆய்வுக்கூடத்தில் அது ஆராயப்படும். விலங்கை மயக்காமல், தொடாமல், துன்புறுத்தாமல் அதன் உடல்நலத்தை அறியும் முறை இது. அங்கே காணும் புழுவோ கிருமியோ ஊராரிடமும் ஆடுமாடுகளிடமும் உளதா என்றும் ஒப்புநோக்குவர்.

இவ்வளவும் கேட்டபின், எல்லாம் நலமாயிற்று என்று கருதிவிடல் கூடாது. பிவிண்டியின் வரலாற்றில் தீராத ஒரு கடன் உண்டு. அக்காட்டுக்குள் வழிவழியாக வாழ்ந்தவர்கள் பட்வா என்னும் சிறுபான்மைப் பழங்குடியினர். தேனும் கிழங்கும் மூலிகையும் அவர்கள் வாழ்வு. காடே அவர்கள் கோயிலும் மருத்துவமனையும். 1991-இல் காடு தேசியப் பூங்காவானபோது அவர்கள் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர்க்கு நிலமோ இழப்பீடோ கிட்டவில்லை. பிறர் வயலில் கூலியாட்களாயினர். கொரில்லாவுக்குக் கிடைத்த காவலின் விலையை, யாதொரு தீங்கும் செய்யாத அம்மக்கள் செலுத்தினர்.

அவர்களுக்கென இரங்கியோரும் உளர். ஸ்காட் கெல்லர்மன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் மனைவி கேரலும் 2000-களின் தொடக்கத்தில் அங்குச் சென்று, மரத்தடியில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினர். அம்மரத்தடியே பிவிண்டி சமூக மருத்துவமனையாக வளர்ந்தது. ஆயினும், மருந்து வேறு, நீதி வேறு. பட்வா மக்கள் தாமே வழக்குத் தொடுத்தனர். 2021 ஆகஸ்டில் உகாண்டாவின் அரசமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதியே என்று ஏற்றுத் தீர்ப்பளித்தது. இழந்த காட்டோடு ஒரு மக்களின் பாட்டும் மருந்தறிவும் குழந்தைகளுக்குக் காட்டைக் காட்டிச் சொல்லும் கதைகளும் இழப்புற்றன. அவற்றைத் தீர்ப்பால் மீட்டல் அரிது. ஓர் உயிரைக் காக்கப் பிறிதோர் உயிரை வாடவிடும் காவல் முழுமையான காவலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பிவிண்டியில் சிலருக்கு வருவாய் உண்டு. அயல்நாட்டவர் ஒருவர் கொரில்லாவை ஒரு மணி நேரம் காண இன்று 800 டாலர் செலுத்துகிறார். பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு சுற்றியுள்ள ஊர்களுக்குச் சேரவேண்டும் என்பது சட்டம். ஆயினும் பயணியர் விடுதியில் வேலை கிடைத்தவர்க்கே பெரும்பயன். மலைச்சரிவில் காப்பி பயிரிடுவோர்க்கு அது எட்டவில்லை. நல்ல காப்பிக்கும் இடைத்தரகர் தந்தது அற்ப விலை. இதைக் கண்ட கிளாடிசும் லாரன்சும் 2015-இல் கொரில்லா கன்சர்வேஷன் காபி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். உழவர்க்குச் சந்தையைவிட மேலான விலை. விற்பனையில் ஒரு பங்கு நலவாழ்வுப் பணிக்கு. முதலில் விற்ற காப்பிக்கு, அந்நாளில் ஒரு குடும்பத்தின் தலைவனாயிருந்த கன்யோன்யி என்னும் கொரில்லாவின் பெயரையே இட்டனர்.

இப்பணிக்கெல்லாம் 2020-இல் பெருஞ்சோதனை வந்தது. கொரோனாத் தொற்றால் பயணியர் வரவு நின்றது, வருவாய் நின்றது, ஊரில் பசி நுழைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ரஃபிக்கி என்னும் புகழ்பெற்ற தலைவன் கொரில்லா ஈட்டிக்காயத்தோடு மாண்டு கிடந்தது. அப்பெயருக்கு ஸ்வாஹிலி மொழியில் நண்பன் என்று பொருள். சிறு விலங்குகளை வேட்டையாடக் காட்டுக்குள் புகுந்த ஒருவர், அது தம்மைத் தாக்க வந்தபோது குத்தியதாகக் கூறினார். நீதிமன்றம் அவருக்கு 11 ஆண்டுச் சிறை விதித்தது.

சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால், தண்டனை யாருடைய பசியையும் ஆற்றாது. பசித்த மற்றொருவர் நாளை அதே காட்டுக்குள் நுழைவார் என்பதை இவ்வமைப்பினர் உணர்ந்தனர். விரைவில் பலன் தரும் உணவுப் பயிர்களின் விதையும் நாற்றும் காட்டோர ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கினர். அயலூர்க் காப்பி வணிகத்தை விடாது பற்றினர். கொரில்லாக்களிடமிருந்து 7 மீட்டர் விலகி நின்ற நிலையை 10 மீட்டராக்கவும், அருகில் செல்வோர் அனைவரும் முகக்கவசம் அணியவும் வலியுறுத்தி வெற்றி கண்டனர். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிச் சாலையின் சஃபாரிப் பூங்காவில் இருந்த கொரில்லாக்களுக்கே கொரோனா தொற்றியது என்னும் செய்தி வந்தபோது, அவர்களின் அச்சம் வீணன்று என்பதை உலகம் அறிந்தது.

இத்தகைய முயற்சிகள் பலவற்றின் பயன் என்ன? 1990-களில் பிவிண்டியில் ஏறத்தாழ 300 கொரில்லாக்களே இருந்தன. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிவிண்டியிலும் அதனையொட்டிய காட்டிலுமாக 459 இருந்தன. விருங்காவையும் சேர்க்க 1,063. அவ்வாண்டு நவம்பரில், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலிருந்து ஒருபடி மேலே, அழிவுக்குள்ளாகக்கூடிய இனங்களின் வரிசைக்கு மலைக் கொரில்லா மாற்றப்பட்டது. மனிதக் குரங்கினங்களுள் எண்ணிக்கை பெருகிவருவது இது ஒன்றே என்பர். காவலர், அரசு, பிற அமைப்புகள் எனப் பலருடைய உழைப்பும் இதில் உண்டு. கிளாடிசுக்கு 2021-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் புவியின் வாகையர் என்னும் விருதை வழங்கியது.

ஆயினும் விருது மேடையினும், காலையில் மழைச்சேற்றில் மலையேறும் அத்தொண்டரையே இங்கு நினைத்தல் தகும். அவர் கையில் விளக்கப்படம் ஒன்றும் பதிவேடு ஒன்றும் உண்டு. ஒரு வீட்டு முற்றத்தில் கொடியில் துணி உலர்வதைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். அவ்வீட்டுக் குழந்தைக்குச் சிரங்கு இல்லை. அத்தோட்டத்து வெருளிப் பொம்மை மீது அழுக்குச் சட்டை இல்லை. அதனால் மேலே காட்டுக்குள் ஏதோ ஒரு குட்டி, யார் தன்னைக் காத்தார் என்று அறியாமலே, தாயின் முதுகில் ஏறி அமர்ந்து செல்கிறது.

எளிய உயிரின்மீது கொண்ட அன்பு, அதன் அண்டையில் வாழும் எளிய மனிதர் வீட்டுவரை நடந்து சென்றால்தான் நிறைவு பெறும். தொலைநாட்டு மலைவாசிகள் செய்து காட்டும் இவ்வுண்மை இவ்விழா நாளில் அனைவர் நெஞ்சிலும் நிலைபெறுக.